கருதப்படும் பல்கலைக்கழகம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உள்ள அரசுக் கல்லூரிகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக்கத் தீவு நிர்வாகம் முனைந்தது. 2025ஆம் ஆண்டில் அக்கல்லூரிகளின் மாணவர்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தனர். நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசுவோர் அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று காலமெல்லாம் கேட்டவர்கள் நீங்கள்தானே, இப்போது தரப்போகும்போது ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்பது அக்கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதாகவே தோன்றும். தமிழ்நாட்டில் உள்ள நம் தோழர்கள் சிலருக்கும் இக்குழப்பம் உண்டு. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடையளிக்க வேண்டியிருக்கிறது.

சட்ட வாசகங்களையும் அரசு ஆவணங்களையும் இந்த ஏட்டுக்காகத் தமிழாக்கிப் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுகிறேன். 'நிகர்நிலை' என்னும் நம் சொல் மூலத்தைவிடப் பெருந்தன்மை உடையது. நிகர் என்றால் ஒப்பு, சமம். ஆங்கிலச் சட்டமோ சமம் என்று சொல்லவில்லை. 'பல்கலைக்கழகமாகக் கருதப்படும்' என்று மட்டுமே சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 3ஆம் பிரிவில், பல்கலைக்கழகம் அல்லாத ஓர் உயர்கல்வி நிறுவனத்தை, மானியக் குழுவின் ஆலோசனையைப் பெற்று, அரசிதழ் அறிவிக்கை ஒன்றின் மூலம், அச்சட்டத்தின் நோக்கங்களுக்காக மட்டும் பல்கலைக்கழகமாகக் கருதிக்கொள்ள ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனம் என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 2017 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அடுத்து, இத்தகைய 123 நிறுவனங்களும் தம் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று மானியக் குழு கட்டளையிட்டது. பெயரில் போட்டுக்கொள்ளவும் உரிமையில்லாத ஒன்றைத்தான் தீவு மக்களுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் என்று விற்கப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாக 'நிகர்நிலை' என்றே எழுதி வந்த என் கையும் இப்பிழையில் பங்கு கொண்டதுதான்.

இது சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதாகத் தோன்றலாம். சொல்லுக்குப் பின்னால் அதிகாரமும் பணமும் இருக்கின்றன.

ஒரு மாநிலத்தில் மக்கள் பல்கலைக்கழகம் கேட்டால் சட்டமன்றம் சட்டம் இயற்றும். அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநரும் அவருக்குக் கீழுள்ள அதிகாரிகளும் ஆள்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் அத்தீவுகளுக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர் இருக்கிறார். மாநிலங்களவையில் அவரும் இல்லை. ஆகவே தீவு மக்கள் தமக்கென ஒரு பல்கலைக்கழகம் கோரினால் நாடாளுமன்றத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். நாடாளுமன்றம் தர வேண்டியது மத்தியப் பல்கலைக்கழகம். அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் ஒரு சட்டத்தால் பிறக்கிறது. அதன் விதிகள் அவையின் முன் வைக்கப்பட வேண்டும். அதன் கணக்கைத் தணிக்கை அதிகாரி பார்க்க வேண்டும். அதன் ஆண்டறிக்கையை உறுப்பினர்கள் கேட்டு வாங்கலாம். அதை மூடவோ மாற்றவோ வேண்டுமானால் மறுபடி அவைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகத்தின் திட்டமோ அறிவிக்கையால் பிறக்கக்கூடியது. அறிவிக்கை அதிகாரியின் மேசையில் பிறந்து அங்கேயே திருத்தவும் படும்.

மத்தியப் பல்கலைக்கழகம் வைக்க மக்கள்தொகை போதாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. லடாக்கைப் பாருங்கள். அதுவும் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. ஜம்மு காஷ்மீரைத் துண்டாடி 2019 அக்டோபர் 31 அன்று உருவாக்கப்பட்டது. 2011 கணக்கின்படி அங்கே வாழ்வோர் சுமார் 2.74 லட்சம். அந்தமானைவிட ஒரு லட்சம் குறைவு. 2021ஆம் ஆண்டு, அதாவது இரண்டு ஆண்டுகள் கூட முடிவதற்குள், 2009ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, சிந்து மத்தியப் பல்கலைக்கழகத்தை நாடாளுமன்றம் ஏற்படுத்தியது. அதற்கு 750 கோடி ரூபாய் ஒதுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. லடாக் மக்களுக்குக் கிடைத்ததைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. மலைப்பகுதி மாணவர் அதற்கு முழு உரிமை உடையவர். அங்கே 2.74 லட்சம் பேருக்குப் போதுமான மக்கள்தொகை, கடலுக்கு நடுவே 3.80 லட்சம் பேருக்கு எப்படிப் போதாமல் போயிற்று என்பதை அரசு விளக்கட்டும்.

பணம் இல்லை என்பது அடுத்த மறுமொழி. 2023 ஜூலை 18 அன்று தீவுத் தலைநகரின் விமான நிலையத்தில் புதிய முனையக் கட்டடத்தைப் பிரதமர் காணொலி வழியே திறந்து வைத்தார். செலவு சுமார் 710 கோடி ரூபாய். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆகும் தொகையைச் சுற்றுலாப் பயணி இறங்கும் கூடத்துக்குச் செலவிட முடிந்திருக்கிறது. விமான நிலையம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தீவின் பிள்ளைகள் மேற்படிப்புக்காக வீட்டை விட்டுப் புறப்படும் வாசலும் அதுதான். விடுமுறை முடியும் வாரங்களில் விண்ணைத் தொடும் கட்டணத்தைக் கட்டி அவ்வழியே போக முடிந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். முடியாதவர்கள் ஹேடோ துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பெயர் மாற்றுவதில் மட்டும் இந்த அரசுக்குத் தாமதமே இல்லை. 2018இல் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்குப் புதுப் பெயர். 2023 ஜனவரியில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கர விருதாளர் பெயர்கள். 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. காலனியப் பெயரைக் களைவதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சோழர் கடற்படையின் பெருமையைச் சொல்லிச் சூட்டிய பெயரைத் தமிழ் படித்தவன் பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்ரீவிஜயம் என்பது சோழருடைய அரசு அன்று; 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் படையெடுத்துத் தாக்கிய கடல்கடந்த அரசு. அவன் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை 'மாநக்கவாரம்' என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது; வெற்றிகொண்ட இடங்களின் வரிசையில் அது வருகிறது. பெயர் சூட்டுமுன் கல்வெட்டு தெரிந்த ஒருவரைக் கேட்டிருக்கலாம். அந்தத் தீவுகளிலேயே ஒரு பல்கலைக்கழகமும் அதில் ஒரு வரலாற்றுத் துறையும் இருந்திருந்தால் எளிதாகவும் இருந்திருக்கும்.

இனி எதிர்த்தரப்பு வாதத்தில் உள்ள உண்மையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இணைப்பு முறை தீவு மாணவர்களுக்குச் சுகமாக இருந்ததில்லை. தலைநகரில் உள்ள ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தொடங்கப்பட்டபோது அதை எங்கே இணைத்தார்கள் தெரியுமா? சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு. வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையில் இருக்கும் கல்லூரிக்கு வினாத்தாள் சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து வர வேண்டும். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டு, அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் அதன் ஆட்சி எல்லைக்குள் சேர்க்கப்பட்ட பிறகுதான் இந்த வேடிக்கை தீர்ந்தது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990இல் வந்தது. ஆனாலும் புதுவைக்கும் தீவுக்கும் இடையே 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. ஒரு சான்றிதழ் திருத்தம், ஒரு மறுமதிப்பீடு, ஒரு முனைவர் பட்டப் பதிவு என்று எதற்கும் அக்கரையைப் பார்த்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகம் தன் சார்பில் தீவில் ஒரு வளாகம் நடத்துகிறது. கடல் ஆய்வும் கடலோரப் பேரிடர் மேலாண்மையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுச் சங்கிலி ஒன்றின் எல்லாத் தேவையையும் அது நிறைவு செய்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனவே 'புதுவையோடு இணைப்புத் தொடர வேண்டும்' என்பதோடு நின்றுவிடும் முழக்கம் போதாது என்பது என் கருத்து. சில தோழர்கள் இதில் மாறுபடுவார்கள் என்று தெரியும். இன்றைய தாக்குதலைத் தடுக்க அந்த முழக்கம் உதவும். மாணவர்களின் பட்டத்துக்கு இப்போது இருக்கும் பாதுகாப்பு அதுதான். ஆனால் பழைய குறையை அப்படியே காப்பாற்றித் தருவதாக மட்டும் வாக்களிக்கும் இயக்கம் நெடுநாள் நிற்காது. நிர்வாகம் அந்தப் பலவீனத்தைப் பார்த்துத்தான் நிகர்நிலை என்னும் தூண்டிலை வீசியிருக்கிறது.

இந்தத் தீவின் மாணவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கட்டணம் என்ற பேச்சின் கனம் விளங்கும். காம்பெல் பேயில் பள்ளி முடித்த ஒரு பெண் தலைநகர்க் கல்லூரிக்கு வர வேண்டுமானால் 500 கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும். அது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போவது போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே பேருந்து இல்லை, ரயில் இல்லை. கப்பல் உண்டு, பயணச்சீட்டும் கடலின் மனநிலையும் ஒத்து வர வேண்டும். கச்சால் தீவிலிருந்து வருபவருக்கு 400 கிலோமீட்டர். கச்சாலில் யார் இருக்கிறார்கள்? 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதியை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். தேயிலையிலிருந்து ரப்பர், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மிகக் கொடுமையாக அடித்த இடங்களில் கச்சாலும் ஒன்று. அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது கல்லூரி வயதில் இருக்கிறது.

தீவு மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கின்படி சுமார் 15 விழுக்காடு. வங்க மொழிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் சிறு வணிகத்துக்கும் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இதில் அடக்கம். டி.ஆர்.எம். என்று தீவில் எல்லோரும் சொல்லும் தினக்கூலி மஸ்தூர்களாக அரசுத் துறைகளிலேயே ஆண்டுக்கணக்கில் நிரந்தரமின்றி உழைத்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது என்பது, அந்தப் பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலியை இழப்பதும் சேர்ந்த செலவு. அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணம் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே ஏணி.

இதோடு பலர் அறியாத ஒன்றும் உண்டு. அந்தமான் நிக்கோபாரில் பட்டியல் சாதிப் பட்டியலே கிடையாது. 2011 கணக்கெடுப்பில் அத்தீவுகளின் பட்டியல் சாதி மக்கள்தொகை சுழி. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் இடம்பெறும் ஒரு குடும்பம் கப்பலேறி அக்கரையில் இறங்கினால், தீவின் பதிவேட்டில் அதன் சாதி மறைந்துவிடுகிறது. சேரியையும் இழிவையும் கடல் கரைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கரைந்தது உதவித்தொகையும் இடஒதுக்கீடும்தான். சோட்டாநாக்பூரிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்டு, 'ராஞ்சி' என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்படும் ஓரான், முண்டா, காரியா ஆதிவாசிகளுக்கும் இதே கதி. சொந்த மண்ணில் பழங்குடி; தீவில் அந்த அடையாளம் செல்லாது. ஆக, பிற இடங்களில் கட்டண உயர்வின் அடியைச் சற்றேனும் தாங்கிக்கொள்ளும் உதவித்தொகை என்னும் மெத்தை, இங்கே மிகவும் தேவைப்படுவோரின் கீழே விரிக்கப்படவே இல்லை. இந்த நிலையில்தான் கட்டணத்தைத் தானே தீர்மானிக்கும் 'தன்னாட்சி' பேசப்படுகிறது.

கட்டணம் உயராது என்று நிர்வாகம் வாக்களிக்கலாம். அந்த வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. மும்பையின் டாட்டா சமூக அறிவியல் கழகம் 1964 முதல் நிகர்நிலை நிறுவனம். கல்வித் தரத்தில் பெயர் பெற்றது. ஒன்றிய அரசின் மானியம் பெறுவது. அங்கே தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு, உதவித்தொகை பெறும் காரணத்தால், இருந்து வந்த கட்டணச் சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மானியக் குறைவைக் காரணம் காட்டினார்கள். 2018 பிப்ரவரியில் மும்பை, துல்ஜாப்பூர், ஐதராபாத், குவாஹாத்தி ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நல்ல நிறுவனம், நல்ல ஆசிரியர்கள், நல்ல மரபு. பணம் வற்றத் தொடங்கியதும் முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் யார் என்பதில் மட்டும் மாற்றமில்லை. தனியார் நிகர்நிலைகளைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் டாண்டன் குழு, தகுதியற்றவை என்று அடையாளம் காட்டிய 44 நிகர்நிலை நிறுவனங்களில் 16 நம் மாநிலத்தில் இருந்தன.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பார். சரியான கேள்வி. புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே கட்டண உயர்வை எதிர்த்து 2020 பிப்ரவரியில் மாணவர்கள் போராடினார்கள். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வைத்து, பள்ளி மதிப்பெண்ணின் இடத்தைப் பயிற்சி மையங்களிடம் ஒப்படைத்தார்கள். மானியத்தின் இடத்தில் கடனை வைக்க, 2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து உயர்கல்வி நிதி முகமை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய நிறுவனம் அதைத் திருப்ப வேண்டும். நிறுவனத்தின் 'சொந்த வருவாய்' என்பது கடைசியில் மாணவரின் சட்டைப்பை. கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று 1966இல் கோத்தாரிக் குழு சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத் திருப்பி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. எனவே மத்தியப் பல்கலைக்கழகம் வந்தால் சொர்க்கம் வரும் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் பேரில் நிற்கும் நிறுவனத்தில் போராடுவதற்கு ஒரு தரை இருக்கிறது. அரசின் பொறுப்பு எழுத்தில் இருக்கிறது. அறிவிக்கையின் பேரில் நிற்கும் நிறுவனத்தில் அந்தத் தரையும் இல்லை.

தீவு நிர்வாகத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு விடை அந்தக் கல்விக் கொள்கையிலேயே உள்ளது. கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் முறையை 15 ஆண்டுகளில் படிப்படியாக ஒழித்துவிட வேண்டும் என்று அது கூறுகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தானே பட்டம் வழங்கும் நிறுவனமாக வேண்டும், அல்லது ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் கரைய வேண்டும். இதை முதலில் எங்கே சோதித்துப் பார்ப்பது? சட்டமன்றம் இல்லாத, ஒரே ஓர் உறுப்பினர் கொண்ட, செய்தி அக்கரைக்கு வருமுன் ஆறிப்போய்விடும் ஓர் இடத்தில். லட்சத்தீவின் கல்லூரிகளை 2021இல் காலிகட் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துப் புதுவையோடு சேர்த்தார்கள். இப்போது அந்தமானின் கல்லூரிகளைப் புதுவையிலிருந்து பிரிக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கல்வியியல் காரணம் எதுவும் அன்று. தீவு மக்களிடம் கேட்க வேண்டியதில்லை என்ற துணிவு.

இது நமக்கும் தொலைவில் உள்ள செய்தி இல்லை. 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், இயங்கிவரும் அரசு உதவி பெறும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிவிடும் திருத்த மசோதா வந்தது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் எழுப்பிய எதிர்ப்பால் அரசு அதை மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. தேசியக் கல்விக் கொள்கையை எதிர்ப்பதாகச் சொல்லும் அரசு கொண்டுவந்த மசோதா அது. ஒரு சட்டமன்றமும் அதில் நம் குரலும் இருந்ததால் தடுக்க முடிந்தது. தீவு மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீதி மட்டும் இருக்கிறது.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என்று 72,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காகத் திருப்பிவிடப்படுகிறது. வெட்டப்படும் மரங்கள் என்று அரசே கொடுத்த கணக்கு 9.64 லட்சம். முன்பு இசைவளித்த சிறிய, பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றமே அதே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. ஷோம்பென் மக்களின் இருப்பே கேள்விக்குள்ளாகும் இத்திட்டத்தை நாம் எதிர்க்கிறோம். இந்த ஏட்டில் பலமுறை எழுதியாயிற்று. ஆனால் வளர்ச்சி என்றும் வேலைவாய்ப்பு என்றும் அவர்கள் பேசும் கணக்கையே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வோம். துறைமுகப் பொறியாளரும் கடலாய்வாளரும் கப்பல் மேலாளரும் எங்கிருந்து வருவார்கள்? தீவு இளைஞர்களை அப்பணிகளுக்கு ஆயத்தம் செய்யும் எண்ணம் இருந்திருந்தால், 72,000 கோடியில் நூற்றில் ஒரு பங்கை, அதாவது 720 கோடியை, ஒரு பல்கலைக்கழகத்துக்கென எழுதி வைத்திருப்பார்கள். அது லடாக்குக்கு ஒதுக்கிய தொகையைவிடக் குறைவு. எழுதவில்லை. காம்பெல் பே இளைஞன் தன் தீவில் எழும் நகரத்தில் காவலாளியாகவும் சமையல் உதவியாளாகவும் இருப்பான் என்பதே எழுதாமல் விட்ட அந்த வரியின் பொருள்.

அந்தமானுக்கும் படிப்புக்கும் உள்ள உறவு நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1933இல் செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். கேட்டவற்றில் உண்ணத்தக்க உணவும் இருந்தது, அறையில் விளக்கும் இருந்தது, புத்தகமும் செய்தித்தாளும் இருந்தன. மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகிய மூவர் வலுக்கட்டாயமாக உணவூட்டப்பட்டதில் உயிர் விட்டார்கள். அதற்குப் பின் வெள்ளையன் இறங்கி வந்தான். விளக்கு வந்தது, புத்தகம் வந்தது, கைதிகள் வகுப்பு நடத்தினார்கள். 1935இல் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் ஒருங்கமைப்பு உருவானது. ஹரேகிருஷ்ண கோனாரும் கணேஷ் கோஷும் சிவ வர்மாவும் அந்தச் சுவர்களுக்குள் படித்து வெளியே வந்தவர்கள். இன்று அதே ஊரில் சிறைக் கட்டடத்தில் மாலைதோறும் ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. விமான நிலையத்துக்கு மன்னிப்பு மனு எழுதியவரின் பெயர் இருக்கிறது. விளக்கும் புத்தகமும் கேட்டுச் செத்த மூவரைச் சுற்றுலாப் பயணியிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை ஒன்று உடனடியாக இருக்கிறது. தீவுக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர் என்றால், தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. மாநிலங்களவையில் நம் மாநிலத்துக்கு 18. இவர்களில் ஒன்றிய அரசின் கல்விக் கொள்கையை எதிர்ப்பதாகச் சொல்லாதவர் மிகச் சிலரே. சொல்வதைச் செய்துகாட்ட இது நல்ல இடம். நிகர்நிலைத் திட்டத்தைக் கைவிடக் கோருவதும், சட்டப்படி மத்தியப் பல்கலைக்கழகம் அமையும் வரை புதுவை இணைப்பும் இன்றுள்ள கட்டணமும் நீடிக்கக் கோருவதும், தீவில் வாழும் தலித், சோட்டாநாக்பூர் ஆதிவாசி மாணவர்களுக்கு உதவித்தொகைக்கென மட்டுமாவது தனி ஆணை கேட்பதும் ஒரே கோரிக்கையின் பகுதிகளாக முன்வைக்கப்பட வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு முதலிரண்டைப் பேசினால், ஏணியை நிறுத்திவிட்டுக் கீழ்ப்படிகளை உருவிய கதையாகும்.

வரைவு எழுதப் பெரிய சட்ட வல்லுநர் தேவையில்லை. லடாக்குக்காக 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் சில பக்கங்களே. அதில் லடாக் என்று வரும் இடங்களில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் என்று போட்டு, நிக்கோபாரி மொழிக்கும் தீவில் பேசப்படும் பிற மொழிகளுக்கும் ஒரு துறை என்ற விதியைச் சேர்த்தால், தனிநபர் மசோதாவாக நம் உறுப்பினர் ஒருவர் அடுத்த கூட்டத்தொடரிலேயே தாக்கல் செய்யலாம். தமிழாக்கம் என் பொறுப்பு. இம்முறை 'நிகர்நிலை' என்ற சொல் அதில் வராது.